எம்-புக், பக்கம் நாற்பத்து மூன்று

நீளம் பதினெட்டு மீட்டர்.
உயரம் ஒன்றரை.
அளவெடுக்க டேப்போடு போனேன்
உசிலம்பட்டிக்கு மேற்கே, ஓடை முக்குவரை,
ஒச்சப்பனின் பொலிரோவில்.

வண்டி நின்ற இடத்தில் பலகை நின்றது.
திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீடு
பதினான்கு லட்சத்து அறுபதாயிரம்.
நல்ல சிமெண்ட், நல்ல பெயிண்ட்,
உதைத்தாலும் அசையாது.
பலகையை மட்டும் எஸ்டிமேட் சொன்னபடி கட்டியிருந்தார்கள்.
அதன் நிழலில் இரண்டு ஆடு.

"தடுப்பணை எங்கண்ணே?"
"அதான் எழுதிப் போட்டிருக்கே சார்."
சிரிக்கவில்லை. ஒச்சப்பன் அப்படித்தான்.
பிறகு அவரே கணக்குச் சொன்னார்,
மளிகைச் சீட்டு வாசிப்பது மாதிரி.
டெண்டர் எடுக்க பன்னிரண்டு,
பில் பாஸாக எட்டு,
மேலே ஒருத்தருக்கு, அவருக்கும் மேலே ஒருத்தருக்கு,
கட்சிக் கூட்டத்துக்கு வேன் நாலு.
"மிச்சத்துல என்னத்தக் கட்ட?
பலகையக் கட்டுனேன்."
எனக்கு ரெண்டு பர்சென்ட்.
அதை வாய்விட்டுச் சொல்லாதது
அவர் காட்டிய மரியாதை.

விருமாயி வந்தாள், ஆட்டுக்காரி.
அட்டையில் அவளுக்கு ஆறு நாள் வேலை.
மண்வெட்டியோடு நின்று
போட்டோ எடுத்தது ஒரு நாள்.
"கூலி வந்துச்சா?"
"பாதி வந்துச்சு.
சும்மா நின்னதுக்கு யாரு சாமி முழுசாத் தருவா?"
பயனாளி சாட்சிக்குக் கைநாட்டு வைத்தாள்.
பெருவிரலில் ஒட்டிய ஊதா மையை
வெள்ளைக் குட்டியின் முதுகில் துடைத்தாள்.

செல்லம்பட்டியில் பரோட்டா, சுக்கா.
இலையை மடித்த கையோடு எழுதினேன்:
நேரில் அளந்தேன், சரியாக உள்ளது.
கை நடுங்கும் என்பார்கள்.
நடுங்கவில்லை. கையெழுத்து அழகாகவே வந்தது.

அதன்பின் அந்த அணை வளர்ந்தது.
ஒன்றியத்தில் ஓர் எண்,
மாவட்டத்தில் ஒரு கூட்டல்,
சென்னையில் பச்சை அடித்த கட்டம்.
அறிக்கையில் நிலத்தடி நீர் ஏறியது.
கடன் கொடுத்தவர்கள் மகிழ்ந்து
இன்னொரு கடன் கொடுத்தார்கள்.
தல்லாகுளத்து ஓட்டல் ஒன்றில், ஏசி குளிரில்,
திரையில் மேலே போன கோட்டைப் பார்த்தேன்.
அதில் எங்கோ ஒரு புள்ளி
என் பதினெட்டு மீட்டர்.
முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.
எஸ்.எஸ். காலனியில் யாரோ எழுப்பிய இரண்டாவது மாடியும்
என் பைக்கின் முன்பணமும்
வளர்ச்சி இல்லாமல் வேறென்ன?

ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை.
ஓடை எதிலும் முட்டாமல்
பலகையின் காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

தையில் வேறு வேலைக்காக அந்தப் பக்கம் போனேன்.
லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை;
விருமாயி குடம் ஏழாவது.
குட்டி வளர்ந்திருந்தது.
முதுகில் மை இன்னும் லேசாக.
அடையாளம் கண்டு ஓடி வந்தாள்.
குத்தலாய்க் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.
"கைநாட்டெல்லாம் வச்சுக் கொடுத்தேனே,
எப்ப சார் கட்டுவீக?"

பையிலிருந்து டேப்பை எடுத்து
எதையோ அளப்பதுபோல் கொஞ்சம் இழுத்தேன்.
விட்டதும்
அது தானாகச் சுருண்டு உள்ளே போனது.