தறி ஓடாத இடம்

பல்லடம் கல்யாண மண்டபத்தில்
மணமகள் அறைதான் எங்களுக்கு மேக்கப் ரூம்.
எந்தெந்தப் பெண்களோ கழற்றி ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள்
கண்ணாடியெங்கும்.
அவற்றுக்கு நடுவே என் முகத்தைத் தேடிப் பிடித்து
தாசில்தாரின் மீசையை ஒட்டினேன்.

மூன்று தரம் போய்விட்டு வந்தாயிற்று.
நாலாவது முட்டுகிறது.
'சோடா குடிங்' என்கிறான் நாச்சிமுத்து.
'மூச்சை எண்ணுய்யா' என்கிறார் டைரக்டர்.
எண்ண ஆரம்பித்தால்
எட்டுத் தறி, பன்னிரண்டு மணி நேரம், மீட்டருக்கு இத்தனை பைசா
என்று எங்கோ போய்விடுகிறது கணக்கு.

சோமனூர்க்காரனுக்குச் சத்தம் பயமில்லை.
இருபது வருசமாக எலும்புக்குள்ளேயே
தடக்குத் தடக்கென்று ஓடுகிறது.
செட்டுக்குள் ஒரு சொல்லும் காதுக்குப் போகாது.
பேசுவது உதட்டால்,
கேட்பது கண்ணால்.
கரண்ட் போனால்தான் எனக்குத் திக்கென்று இருக்கும்.

மேடை,
கரண்ட் போன செட்டு.

முன்னூறு பேர் பார்க்க
கோப்பைத் திறந்தேன்.
உள்ளே யாருடைய வீட்டு ஈபி ரசீதோ.
வசனம் இல்லை.
தலைக்குள்ளும் இல்லை.
நாக்கு, சித்திரை மாசத்து நொய்யல்.

கடைசி வரிசையில் துளசிமணி.
எதிர்த் தறிக்காரி.
அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள்.
அவள் உதடு அசைந்தது:
'பயமா இருக்குதுங்களா?'

அத்தனை பேருக்கு முன்னால்
சத்தமில்லாமல் சொன்னேன்:
'ஆமா. கையி நடுங்குது.'
'இழை அறுந்துபோச்சா?'
'அறுந்துருச்சு.'
'அப்ப செத்த நில்லுங்க.
கடைசி பஸ்ஸு பத்தரைக்குத்தான்.'

நின்றேன்.

அதைத் தாசில்தாரின் மனச்சாட்சி என்று
நினைத்துக்கொண்டார்களாம்.
முன்வரிசையில் ஒருத்தர் கண்ணைத் துடைத்தார் என்றார்கள்.
அவருக்குப் போன வாரம்தான் கண் ஆபரேஷன் என்றும்
சொன்னார்கள்.

வசனம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது.
'இந்த மனுவைக் குடுத்தவன் யாரு?'
செட்டுக்குள் கத்துகிற அதே குரல்.
மைக் கீச்சிட்டது,
பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது,
மனு கொடுத்தவனாக நடித்த நாச்சிமுத்து
நிசமாகவே இரண்டடி பின்னால் போனான்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லைங்.
அடுத்த மாசம் காங்கேயத்தில் நாடகம்,
இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.
துளசிமணிக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட்.
மாற்றிவிட ஆள் கேட்டு
மூன்று பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
கிடைக்காவிட்டால்
யாரைப் பார்த்து நான்
ஆமா என்று சொல்வது?