இரண்டு சுற்று மரை

முடோன் தாண்டி மூன்றாவது மைலில்
ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கிற மாசியில்
பின்சக்கரம் காற்றிழந்தது.
வண்டியில் பன்னிரண்டு பாளம் ஐஸ்,
உமி தூவி, சாக்குப் போர்த்தி.
சைக்காமித் துறையில் ஒன்பதரைக்குப் படகு.

இந்த நாட்டில் ஸ்டியரிங்கும் வலப்புறம்,
சாலையில் போவதும் வலப்புறம்.
எனக்கு எப்போதும் பள்ளத்தோரத்து சீட்.
கதவைத் திறந்து
எருக்கஞ்செடியின் மேல் காலை வைத்து இறங்கினேன்.

ஜாக்கி தூக்கியது.
ஆறு நட்டும், அதிசயம்தான், கேட்டதும் கழன்றன.
தணிகாசலம் அவற்றைத் தன் தொப்பிக்குள் போட்டான்.
அரசாங்க அட்டையில் அவன் பெயர் ஸோ மின்.
இரண்டு பெயரையும் சொல்லித் திட்டினேன்,
சக்கரம் வரவில்லை.

பிடிக்க ஒரு நட்டும் இல்லை,
ஆனாலும் விடவில்லை.
மூன்று மழைக்காலம் அதன் நடுத்துளைக்குள் இறங்கி
துருவால் தைத்துவிட்டுப் போயிருந்தது.

உட்கார்ந்து உதைத்தோம், படுத்து உதைத்தோம்.
கட்டையைக் கொடுத்து உள்பக்கமிருந்து சுத்தியலால் அடித்தோம்.
கட்டை பிளந்தது.
எதிர்க்கடை டோ யின் வாணலியில் மிஞ்சிய எண்ணெயைக் கொண்டுவந்து
அச்சைச் சுற்றி ஊற்றினாள்.
சுரைக்காய் பஜ்ஜி மணத்தது வண்டி.
அவ்வளவுதான் அதனால் ஆனது.

பலகை இடுக்கில் ஐஸ் ஒழுகத் தொடங்கியது.
செம்மண்ணில் ஒரு கோடாய் ஓடி
டயரடியில் தேங்கியது.
நாய் ஒன்று வந்து குடித்தது,
குளிர்ந்திருந்ததால் தலையைத் தூக்கிப் பார்த்தது,
மறுபடி குடித்தது.

"நட்டைத் திரும்பப் போடுங்க" என்றான்.
மரை கழண்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
"இறுக்கக் கூடாது. ரெண்டே சுத்து.
ஜாக்கியை இறக்கிட்டு ஓட்டுங்க.
பத்தடி போய் பிரேக்கை மிதிங்க."
மூன்று மாதக் கூலியை நான் பிடித்து வைத்திருக்கிறவன்.
கொடுத்தால் மஹாச்சாய் மீன் கம்பெனிக்கு
எல்லை தாண்டிப் போய்விடுவான் என்று வைத்திருக்கிறேன்.
அவன் சொன்னான், நான் ஏறி உட்கார்ந்தேன்.

கழற்றுவதற்காகப் பூட்டிய சக்கரம்.
முன்னால் பத்தடி, மிதி.
பின்னால் பத்தடி, மிதி.
செத்த டயர் சாலையை மென்றது.
முதுகுக்குப் பின்னால் பாளங்கள்
மாடுகளைப்போல் ஒன்றையொன்று முட்டின.
நட்டு தெறித்து டோ யின் கடைக் கண்ணாடியில் போய் அடிக்கும்,
அதற்கும் நான்தான் தண்டம் கட்டவேண்டும் என்று
நான்காவது முறை மிதிக்கையில் நினைத்தேன்.

டக்.
பெரிய சத்தமில்லை.
ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று
சோற்றுக்கு நடுவே விழுந்தாற்போல்.

"யபீ!" என்று கத்தினாள் கடைக்காரி,
எங்களுக்கு முன்னால்.

மாற்றுச் சக்கரம் ஏற்றுமுன்
தேங்காய் நாரும் மணலும் கொண்டு
அச்சின் வாயைத் தேய்த்தான். துரு பொடிப்பொடியாய் வந்தது.
சீட்டுக்கடியில் கிரீஸ் டப்பா இருந்தது,
மூன்று வருஷமாய் இருந்தது.
விரலால் எடுத்து வட்டமாகப் பூசினான்,
அடுத்து கழற்றப்போகிறவனுக்கு.
அது தானாக இருக்காது என்பது
அவன் பூசிய விதத்தில் தெரிந்தது.

படகு போயிருந்தது.
நெத்திலிக்காரன் ஒருவன் ஏழு பாளத்தைப்
பாதி விலைக்குக் கேட்டான். கொடுத்தேன்.
ஈரமாய் வந்த நோட்டுகளில்
இரண்டு மாதத்தை எண்ணி அவனிடம் நீட்டினேன்.
"மூணாவது?"
"அது மரையில் நிற்கட்டும்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்,
கிரீஸ் கறையோடு.

திரும்புகையில்
சாலை நடுப்பக்க சீட்டில் அவன் தூங்கினான்.
பிரேக் போடும்போதெல்லாம்
பின்னால் ஏதோ கழல்வதுபோல் கேட்டது.
இரண்டு முறை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.
ஆறு நட்டும்
இறுக்கமாகத்தான் இருந்தன.