கணவாய் இறகு

தெற்குவாடியில் விடிய இன்னும் அரைமணி.
ரெஜினாள் கணவாயைக் கீறி
உள்ளிருந்து உருவுகிறாள்
ஒரு கண்ணாடி இறகை.
அவளுக்கு அது குப்பை.
எனக்கு ஐஸ்பெட்டியில் இருநூறு வேண்டும்,
மதியத்துக்குள் மதுரை சேர வேண்டும்.

டாக்டரம்மா என்கிறார்கள்.
இன்ஜினீயர் என்று திருத்தி அலுத்துவிட்டது.
"மருந்து செய்யவா?"
மருந்தில்லை.
அறுந்த நரம்பின் இரண்டு முனைக்கும் நடுவே
தைத்து வைக்கிற குழாய்.
சேமியா தடிமன்.
"சேமியாவா!"
மை படிந்த முழங்கையால்
மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

போன வருடத்துக் குழாய்கள்
பதினோராம் நாளே குழைந்துபோயின.
தூக்குப்பாலம் திறந்திருக்க
மண்டபத்தில் நிற்கும் ரயில்போல
பாதியில் நின்றது நரம்பு.
அதற்கு முந்தியவை கரையவே இல்லை.
அக்கரை சேர்ந்த நரம்பின்
கழுத்தைப் பிடித்தபடி கிடந்தன.
கெட்டியாக்கத் தெரிகிறது எனக்கு.
சரியான நாளில் காணாமல் போகவைக்கத்தான்
இன்னும் கைவரவில்லை.

கஸ்பார் வலைக்குவியல்மேல் உட்கார்ந்திருக்கிறார்.
விஞ்சுக் கயிறு மணிக்கட்டில் இறங்கி
இரண்டு வருடம் நாலு மாதம்.
சுண்டுவிரலும் மோதிரவிரலும்
யாரோ கொடுத்துவைத்தவைபோல
மடங்கிக் கிடக்கின்றன.
டீ கிளாஸ் சுட்டதைக்
கொப்புளம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.
முடிச்சுக்குப் பல்லைக் கொடுக்கிறார்.

"ஒரு நாளைக்கு எம்புட்டு வளருங்கிறீக?"
"ஒரு மில்லிமீட்டர். நல்லா இருந்தா."
மணிக்கட்டுத் தழும்பிலிருந்து
சுண்டுவிரல் நுனிவரை
வலைக்கண் அளக்கும் கட்டையை
வைத்து வைத்து எடுக்கிறார்.
"நூத்தி அறுவது.
அஞ்சு மாசம் சொச்சம்.
தடைக்காலம் முடிஞ்சு இறங்கயில
கை வந்துரும்ல?"

தை மாதம். வாடைக் காற்று.
கணக்கில் பிழையே இல்லை.
நான் எலியில் பத்து மில்லிமீட்டர் தாண்டியிருக்கிறேன்.
முயலுக்கு இன்னும் அனுமதி வரவில்லை.
அதையெல்லாம் சொல்லலாம்,
ஆண்டுகளைக் காரணம் காட்டலாம்.
ஆனால் நரம்பு வராத தசை
இவ்வளவு நாள் காத்திருப்பதில்லை,
நாராகிவிடும்.
நாளைக்கே குழாய் தயாரானாலும்
போய்ச் சேர அங்கே வீடு இருக்காது.

"உங்க கைக்கு ஆகாதுண்ணே."

ரெஜினாளின் கத்தி நின்றது,
மறுபடி ஓடியது.
கஸ்பார் கட்டையை மடியில் வைத்தார்.
ஒரு படகு எஞ்சின் இருமி இருமிப்
பிடித்துக்கொள்ளும்வரை பேசவில்லை.

"எலி நடந்துச்சா?"
"பதினாலுல ஒம்பது."
"மிச்சம்?"
"இழுத்துக்கிட்டுதான் போச்சு."

உம் என்றார்.
பெட்டியைத் தன் பக்கம் இழுத்து
ஈர இறகுகளை
ஒவ்வொன்றாய் ஐஸில் அடுக்கத் தொடங்கினார்.
நூத்தி முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு...
எண்ணுவதில் அவசரமில்லை.

ஒரு விளிம்பு சுண்டுவிரலைக் கிழித்திருந்தது.
ஐஸ் சிவப்பதை நான் காட்டும்வரை
எண்ணிக்கொண்டே இருந்தார்.