கடுமையான பாவனை

பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பதாவது கிலோமீற்றரில்
தும்முல்லைச் சந்திச் சிவப்பு விளக்கடியில்
வோட்டர் பம்ப் மூச்சை விட்டது.
பொனற் இடுக்கால் வெள்ளாவி.
பின்னால் நின்ற ஓட்டோக்கள்
ஹோர்னாலேயே ஒப்பாரி வைத்தன.

வாரண்டி மூன்று வருடம் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர்.
லீசிங் ஐந்து வருடம்.
இந்தக் கணக்கை அன்றைக்கே கவனித்திருக்கலாம்.

பஞ்சிகாவத்தை நிஸ்தார் கைவைக்க மறுத்தார்,
கைவைத்தால் வாரண்டி போயிடுமாம்.
நீட்டுத் திருப்புளியின் நுனியைப் பம்பில் வைத்து
பிடியில் காதைக் கொடுத்தார், ஒரு நிமிடம்.
"ஓடித் தேஞ்சதில்ல மிஸ்.
பொறக்கக்குள்ளயே நொண்டி."
பற்றுச்சீட்டின் முதுகில் அதையே எழுதிக் கையொப்பமும் போட்டார்.

பதினொரு நாள் கழித்து யூனியன் பிளேஸில்,
சந்தனம் மணக்கும் ஏசிக்குள்
சந்தருவன் என்ற பொடியன்
நிஸ்தாரின் எழுத்தைத் தொடாமல் ஒதுக்கி,
கையேட்டை என் பக்கம் திருப்பினான்.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு:
'கடுமையான பாவனைக்கு உட்பட்ட வாகனங்கள்.'
கீழே எறும்பெழுத்து.
எட்டுக் கிலோமீற்றருக்குக் குறைந்த பயணங்கள்.
நின்று நின்று நகரும் நெரிசல்.
முப்பது பாகைக்கு மேல் வெப்பம். உப்புக் காற்று.
அடிக்கடி நீர் தேங்கும் வீதிகள்.

வெள்ளவத்தையிலிருந்து மருதானை ஆய்வுகூடம்
ஏழரைக் கிலோமீற்றர்.
என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக
ஒருவரும் எழுதியதில்லை.

"அப்ப தம்பி, இந்தக் காரை நான் எங்க ஓடியிருக்க வேணும்?
நுவரெலியாவில வீடெடுத்து
ஞாயிற்றுக்கிழமையில மட்டுமோ?"
அவனுக்குத் தமிழ் விளங்கும்.
சிரிக்கத்தான் கம்பனியின் அனுமதி வேண்டும்.

அறிக்கையை நீட்டினான்.
'பரிசோதிக்கப்பட்டது. உற்பத்திக் குறைபாடு அல்ல.'
கீழே ஒரு கிறுக்கல், பெயரில்லை.
இந்த நடை எனக்குப் புதிதில்லை.
நானும் எழுதுகிறவள்தான்:
'இரத்த மாதிரி சிதைந்துள்ளது. மீண்டும் எடுக்கவும்.'
போன கிழமை ராகமையிலிருந்து
வெறும் வயிற்றோடு இரண்டாம் முறை வந்தவர் கேட்டார்,
"சிதைச்சது ஆர் மிஸ், நானா ஊசியா?"
பெரும்பாலும் ஊசிதான்.
நான் "அடுத்த ஆள்" என்றேன்.

நல்லெண்ண அடிப்படையில், என்றான் சந்தருவன்,
பாகத்தின் விலையில் நாற்பது வீதம் குறைக்கலாம்,
கூலி உங்களுடையது,
'இதன் பின் எந்தக் கோரிக்கையும் இல்லை'
இதிலே ஒரு கையொப்பம்.
அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டுக் கையொப்பமிட்டேன்.
அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கண்ணாடி அறையைப் பார்த்தான்.
மனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார்.
மூன்று மணிக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய பம்ப்?"
"வாரண்டி கிடைத்திருந்தால் அது கம்பனிக்குச் சொந்தம், மிஸ்.
மறுத்தபடியால் உங்களுக்கு."
பிஸ்கற் பெட்டியொன்றில் போட்டுத் தந்தான்,
இரண்டு கையாலும்.

கொள்ளுப்பிட்டியில் நூறாம் இலக்க பஸ்.
சாரதிக்குப் பக்கத்து இருக்கை,
முழங்காலோடு ஒட்டி எஞ்சின் மூடி,
அதன்மேல் பிளாஸ்ரிக் தாமரை, ஒரு ஈரத் துவாய்.
நூறு யாருக்கு ஒரு தடவை நின்றது.
வலப்பக்கம் கடல்
தன் உப்பைத் தாராளமாக அனுப்பிக்கொண்டிருந்தது.
இந்த எஞ்சினுக்கு என்னைவிட வயது கூட,
இதற்கு ஆரும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

பெட்டிக்குள் விரலை விட்டுக் கப்பியைச் சுற்றினேன்.
கர்ர்.
இரைச்சலில் காதுக்கு எட்டவில்லை,
விரலுக்குக் கேட்டது.

கொண்டக்டர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான்.
"வோட்டர் பம்ப். புதுசுபோல கிடக்கு. விக்கவா?"
இல்லை என்றேன்.
ராகமைக்காரரின் தொலைபேசி இலக்கம்
படிவத்தில் இருக்க வேண்டும்.
பம்பலப்பிட்டியில் மறுபடியும் நின்றோம்.