மட்டை

பகாவ் டவுனில் இந்தப் பேரைச் சொன்னால்
பஸ் ஸ்டேசன் புறாவுக்கும் என்னைத் தெரியும்.
பகலில் செம்பனையில் மட்டை வெட்டுவேன்,
பொழுது சாய்ந்தால் மட்டையாகிக் கிடப்பேன்.
ஒரே சொல், இரண்டு வேலை.
ஒன்றில் வந்த சம்பளம் இன்னொன்றில் போனது.

அடையாள அட்டையில் குமரேசன் என்று இருக்கிறது.
அதை உரக்கப் படித்தது கிளினிக் மிஸ்ஸிதான்,
ஒரு புதன்கிழமை, மூன்று தடவை.
மூன்றாவதில்தான்
அட, நானல்லவா என்று எழுந்தேன்.

பதினான்கு மாதம், ஒரு நாள் குறைவு.
அந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை.
மழை வந்தது. குலை விலை ஏறி இறங்கியது.
முதல் வாரம் என் கையில்
தேநீர்க் கோப்பை தட்டோடு பேசிக்கொண்டே இருந்தது.
இரண்டாம் மாதம் பசித்தது,
பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குப் பசிப்பதுபோல.
நெத்திலிச் சம்பலில் உப்பு தூக்கல் என்றேன்.
குணவதி அடுப்பை அணைத்துவிட்டு
என் முகத்தையே பார்த்தாள்.
"பதினோரு வருசமா அதே உப்புதான்."

வெட்டிய மட்டையை
மர வரிசைக்கு நடுவே அடுக்கிப் போடுவோம்.
மழையில் மக்கி மரத்துக்கே போய்ச் சேரும்.
கவிதைக்காகச் சொல்லவில்லை,
அது மண்டோர் உத்தரவு.

ஆ லெக் கடையில்
மூன்று அஞ்சு போட்ட சின்ன நோட்டில் என் கடன்:
எண்ணூற்று நாற்பது வெள்ளி.
மாதம் அறுபதாகக் கட்டினேன்.
கடைசி வரியில் கோடு இழுத்தவன்
சிரிக்கவில்லை, கை குலுக்கவில்லை.
நோட்டை என் பக்கம் தள்ளினான்.
"உள்ளே தாள் மிச்சமிருக்கு. வேறே எதாச்சும் எழுது."
அதில்தான் எழுதுகிறேன்.

கடைக்குப் பின்னால்
சின்னப்பன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்,
என் பழைய பலகையில், எனக்கு இடம் விட்டு.
அவனைக் கடந்துபோவது
இன்றைக்கும் ஆற்றைக் கடப்பது மாதிரி.
கிளினிக் புதன்கிழமை என்று மட்டும் சொல்வேன்.
"போடா குமரேசா" என்றான் போன வாரம்.
திட்டுதான்.
ஆனால் மட்டை என்று கூப்பிடவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும்.
எங்களுக்கும் ரொஹானா மாச்சிக்குக்கும் ஒரே சுவர்.
என் மோட்டார் சந்தில் திரும்பும் சத்தம் கேட்டாலே
டிவியைக் கூட்டி வைப்பாள்.
சீரியல் பைத்தியம் என்று
எத்தனை வருசம் சிரித்திருக்கிறேன்.
எங்கள் வீட்டை அவள் பிள்ளைகள்
கேட்டுவிடக் கூடாது என்பதற்காக என்று
இப்போதுதான் புரிகிறது,
சத்தம் குறைந்த பிறகு.

மன்னிப்புக் கேட்க மலாய்ச் சொற்களை
வாசல்வரை அடுக்கிக்கொண்டு போனேன்.
அவள் கதவைத் திறந்து
வாழைப்பழ அப்பம் ஒரு தட்டு நீட்டினாள்.
சொற்களை வைக்க இடமில்லாமல்
தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று இரவு
செய்தி வாசிப்பதுகூடக் காதில் விழவில்லை.
அந்த அமைதியில்
அவள் மகன் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.
ஏழாம் வாய்ப்பாடு.
எட்டில் வந்து தடுக்கி நின்றான்.
மறுபடி முதலிலிருந்து. மறுபடி எட்டில்.

இந்தப் பக்கம் என் மகள் யோகிதா
நகம் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.
பிறகு சுவரில் வாயை வைத்து
அவன் மொழியிலேயே எடுத்துக்கொடுத்தாள்:

ஐம்பத்தாறு.