விரல் படாத இடம்

மேஜைகளுக்கு மெருகேற்றி விற்கும் கடையில்
பதினெட்டு வருஷமாக வேலை.
பளபளப்புதான் என் பிழைப்பு.
அதனால்தான் கொராஸ்தின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு
அவன் மலைச் சைக்கிளை
ஒரு மேஜையைப் போலத் துடைத்துவைத்தேன்.

கடை ஸ்ப்ரேயில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.
சட்டம், ஹேண்டில்பார், ஆரக்கால் ஒவ்வொன்றும்.
கடைசியாகச் சக்கரங்களின் நடுவில்
சல்லடை போல் துளையிட்ட அந்த எஃகு வட்டுகள்.
முகம் தெரியும்வரை தேய்த்தேன்.
தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது அந்த முகம்.

மறுநாள் பெட்சா மலையிலிருந்து இறங்கியவன்
மர்யெட்டா வீட்டு வளைவில் நிற்கவில்லை.
இரண்டு பிரேக்கையும் அழுத்தியிருக்கிறான்.
வண்டி ஊளையிட்டதாம், நின்றபாடில்லை.
அவள் புல் உலர்த்தும் மரச்சட்டத்தைப் பிளந்துகொண்டு
அந்தப் பக்கம் போய் விழுந்தபோது
காறையெலும்பு இரண்டு துண்டு.
மர்யெட்டா முதலில் கேட்டது:
"இதை யார் கட்டித் தருவது?"

ஆஸ்பத்திரியில் அவன் திட்டவில்லை.
"வட்டில் என்ன பூசினாய்?" என்றான்.
சொன்னேன்.
சிரிக்கப் பார்த்தான். எலும்பு விடவில்லை.

பிரேக் கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தேன்.
அடுப்பில் சுட்டும் பார்த்தேன்.
வீடு முழுக்க என் கடை வாசம்.
குடித்த எண்ணெயை அவை கக்கவே இல்லை.
முப்பத்திரண்டு யூரோ கொடுத்துப் புதுசு வாங்கினேன்.

இப்போதும் ஞாயிறு சாயங்காலம்
சேறோடு வந்து நிறுத்துகிறான்.
பழைய ஈயச் சுரங்கத்து வழிச் சேறு, சாம்பல் நிறம்.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவான்.
கழுவு என்று சொல்வதில்லை.
கழுவாதே என்றும் சொல்வதில்லை.
அந்த இரண்டாவதை நினைத்துக்கொண்டுதான்
வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன்.

முதலில் வட்டு ஆற வேண்டும்.
இறக்கத்தில் பழுத்த இரும்பில்
பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும்.
மனுஷர்களும் அப்படித்தான்,
ஆனால் அதை இங்கே பேச வேண்டியதில்லை.

பெட்ரோல் பங்கில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் இருக்கிறது,
இரண்டு யூரோவுக்கு மூன்று நிமிஷம். நான் போவதில்லை.
அந்த வேகம் சேற்றை வெளியே தள்ளாது,
அச்சுக்குள் தள்ளும்.
செடிக்கு ஊற்றும் பூவாளி போதும்.
பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு.
செயினுக்கென்று தனியாக ஒரு கறுத்த பிரஷ்;
அதற்கு வேறெங்கும் வேலை கிடையாது.

சக்கரத்தைக் கழற்றினால் கட்டைகளுக்கு நடுவே
ஓர் அட்டைத் துண்டைச் செருக வேண்டும்.
வெறும் வாயாக இருக்கும்போது யாராவது பிரேக்கை அழுத்தினால்
இரண்டும் கிட்டித்துக்கொள்ளும்.
லூச்கா ஒருமுறை அழுத்தினாள். ஒன்பது வயது.
ஏன் என்று கேட்டதற்கு, சும்மா என்றாள்.

செயினுக்கு எண்ணெய், கணுவுக்கு ஒரு சொட்டு.
அதுவரை பின்வட்டுக்கு
அவளுடைய பழைய மழைத்தொப்பி.

எல்லாம் முடிந்த பிறகு, வட்டு.
புதுத் துணி, ஸ்பிரிட்.
ஓரத்தைத்தான் பிடிக்கிறேன். விரலிலும் எண்ணெய் உண்டாம்.
பதினெட்டு வருஷ மெருகு
என் ரேகைகளில் எங்கே ஒளிந்திருக்கிறதோ.
முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை.
மங்கலாக, கீறல் கீறலாக, அது பாட்டுக்கு இருக்கிறது.

அப்புறம் நானே ஏறுகிறேன்.
எனக்கு அவ்வளவாக ஓட்ட வராது. சீட் வேறு உயரம்.
சந்து இறக்கத்தில்
விட்டு, பிடித்து, விட்டு, பிடித்து,
மர்யெட்டாவின் புது மரச்சட்டம்வரை.
ஜன்னலைத் திறந்துவைத்து நிற்கிறாள்.
அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மரத்துக்கு ஒரு கை தூரத்தில்
இரண்டே விரலால் அழுத்துகிறேன்.
சத்தமே இல்லை.
நின்றுவிட்டது.

கால் தரைக்கு எட்டாததால்
வண்டியோடு மெதுவாகச் சாய்ந்து
புல்லில் விழுகிறேன்,
வட்டு இல்லாத பக்கமாக.

மர்யெட்டா ஜன்னலைச் சாத்துகிறாள்.