முடிந்தது என்று சொன்ன பிறகு

குத்தாய்சியில், விசா அலுவலகத்துக்கு எதிர்வரிசையில்
ரொட்டிச் சூளைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
ஒன்பதடி அகலம் என் ஸ்டுடியோ.
வாடகை கேட்டதும் பின்வாங்கினேன்.
எடு, என்றாள் லமாரா, கணக்கு எழுதித் தருபவள்.
இந்த ஊரில் கல்யாணம் குறைகிறது,
கிளம்பிப் போவது குறையவில்லை.

கல்யாணங்களுக்கென்று கடனில் வாங்கிய லென்ஸை
கடன் அடையும் முன்பே விற்று
பிரிண்டர் வாங்கினேன்.
ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு,
திருகினால் உயரும் முக்காலி.
நாலு படம் பதினைந்து லரி.
பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு.
நான் இறங்கவில்லை.
அங்கே எடுத்த படத்தில் காதோரம் நிழல் விழும்,
ஜன்னலில் இருப்பவர் திருப்பி அனுப்புவார்,
அவர்களே தெருவைக் கடந்து வருவார்கள்.

சிரிக்காதீர்கள்.
கண்ணாடியைக் கழற்றுங்கள்.
முடி காதை மறைக்கிறது.
இல்லை அம்மா, சிலுவை தெரியலாம், பல்தான் கூடாது.
நாளுக்கு நாற்பது முறை இதையே சொல்லி
வீட்டில் சாப்பிடும்போதும் என் மகளிடம்
நிமிர்ந்து உட்கார் என்கிறேன்.

பிறகு, முடிந்தது என்பேன்.
அப்போது தோள்கள் இறங்கும்.
லாரி ஓட்டும் குராம் கன்னத்தை ஊதி உடைத்தான்.
ஒரு நர்ஸ் கழுத்தைச் சொடுக்கி
யாரையோ நினைத்து உதட்டைக் கடித்தாள்.
முதல் தடவை கை தவறித்தான் அழுத்தினேன்.
அடுத்த தடவை தவறவில்லை.

எனக்குக் கைராசி என்று எப்படியோ பேச்சு கிளம்பியது.
ஸெஸ்தஃபோனியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்.
முத்திரை குத்துவது தூதரகம்,
புண்ணியம் என் விரலுக்கு.
மூன்று முறை மறுக்கப்பட்ட ஓதார் மட்டும்
வாசலில் நின்று பணத்தைத் திருப்பிக் கேட்டான்.
கொடுத்தேன்.
லமாரா அதை விளம்பரச் செலவில் எழுதினாள்.

குளிர்காலத்தில் சியூரி வந்தாள்,
பர்ஸிலிருந்து மகனின் சின்னப் படத்தை எடுத்தாள்.
போலீஸ் பிடித்துப்போனவன் மாதிரி இருக்கிறான், என்றாள்,
வேறு இல்லையா?
இருந்தது.
மூக்கைச் சொறிந்துகொண்டு, ஒரு கண் பாதி மூடி,
கம்ப்யூட்டர் திரையில் அவன்.
அவள் திரையைத் தொடவில்லை,
எவ்வளவு என்றுதான் கேட்டாள்.
விலை யோசித்திருக்கவில்லை நான்.
இருபது என்றேன், பேரம் வரும் என்று.
வரவில்லை. மறுவாரம்
பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேர் வந்தார்கள்.

அந்தப் படங்கள்தான் கடனை அடைத்தன.
அவை வாங்கித் தந்த இரண்டாவது கேமராவை
ஸுரிக்கோ கழுத்தில் மாட்டித் திரிகிறான்.
யாரிடமும் கேட்டு எடுக்கவில்லையே என்று
சில இரவுகளில் உறுத்தும்.
இப்போது விண்ணப்பத்தின் அடியில்
பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.
யாரும் படிப்பதில்லை.

கல்வெட்டும் கேலா மாதம் ஒருமுறை போன் செய்வார்.
இங்கே கல்லறைக் கல்லில் முகம் பொறிப்பது வழக்கம்.
போலந்தில் சாரம் சரிந்தது, என்பார்,
உன்னிடம் இருக்குமே, அந்த இன்னொரு படம்?
அனுப்புவேன்.
நோட்டில் 'பெரிதாக்கல்' என்ற பத்தியிலேயே எழுதுகிறேன்,
வேறு பத்தி தொடங்க மனம் வரவில்லை.
குராமுக்கு எழுதியபோது
தொகை இடத்தைக் காலியாக விட்டேன்.
லமாரா பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை,
கூட்டிக்கொண்டே கீழே போனாள்.

நேற்றுக் கடை சாத்தும் நேரம்
அவள் முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.
தலைமுடியைத் தானே ஒதுக்கினாள்.
பொலோன்யாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை.
பதினைந்து லரி ரசீதைத் தானே எழுதிக் கிழித்தாள்.
எடுத்தேன்.
முடிந்தது, என்றேன்.

ஐந்து வருடம் என் கணக்கைப் பார்த்தவள் அவள்.
தோளை இறக்கவில்லை. மூச்சும் விடவில்லை.
நேராக லென்ஸைப் பார்த்தபடியே இருந்தாள்.
நானும் விரலை எடுக்காமல் நின்றேன்.
பக்கத்தில் ரொட்டிக்காரர் கடைசி அடுக்கை
சூளைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தார்.